ஏர்கோன் குளிரவில்லையா? ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ஜெஞ்சாரோமில் ஏர்கோன் வாங்கியதற்குக் காரணம் கேட்டால், பல வீடுகளில் வெயிலைச் சொல்ல மாட்டார்கள், புகையைச் சொல்வார்கள். 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தது. அந்தக் கழிவுகள் வேறு வாசல் தேடியபோது ஒரு பங்கு எங்கள் கோல லங்காட் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே 30-க்கும் மேற்பட்ட உரிமமற்ற மறுசுழற்சி ஆலைகள் முளைத்தன. விற்க முடியாத பிளாஸ்டிக்கை இரவு நேரத்தில் எரித்தார்கள். அப்போது நான் படிவம் ஒன்றில் இருந்தேன். சன்னலைத் திறந்தால் ரப்பர் கருகும் நாற்றம், மூடினால் புழுக்கம். ஊர் மக்கள் விடாமல் புகார் கொடுத்து, செய்தி வெளிநாட்டு ஊடகங்கள் வரை போய், அதிகாரிகள் பல ஆலைகளை இழுத்து மூடினார்கள். அதற்குள் எங்கள் வரிசையில் மட்டும் ஐந்து வீடுகளில் ஏர்கோன் ஏறிவிட்டது.

அன்று வாங்கிய ஏர்கோன்களுக்கு இப்போது ஏழு வயது ஆகிறது. ஒவ்வொன்றாக மக்கர் செய்கின்றன. நான் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் என்பதால், வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகள், "பாப்பா, கொஞ்சம் வந்து பாரேன், தண்ணி ஒழுகுது" என்று கூப்பிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால், பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஏர்கோன் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. நான் கற்றுக்கொண்டது என் மாமாவிடம். இருபது ஆண்டுகளாக பந்திங்கிலும் கிள்ளானிலும் ஏர்கோன் வேலை செய்கிறார். விடுமுறை நாள்களில் அவருக்கு ஏணி பிடிப்பதும் சாமான் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

யூடியூப் காணொளி பார்த்துவிட்டு ஏர்கோனைக் கழற்றும் தம்பிகளும் தங்கைகளும் இப்போது அதிகம். ஆர்வம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நாம் தாராளமாகக் கை வைக்கக்கூடிய இடங்களும் இருக்கின்றன, உயிரைப் பறிக்கும் இடங்களும் இருக்கின்றன. இரண்டும் ஒரு சாண் இடைவெளியில்தான் இருக்கின்றன.

முதலில், அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். ஏர்கோன் குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. படிவம் நான்கு இயற்பியலில் "ஹாபா பெண்டாம்" படித்தீர்களே, தமிழில் உள்ளுறை வெப்பம், முழுக்க முழுக்க அதுதான். உள் யூனிட்டின் செப்புக் குழாயில் திரவமாக இருக்கும் வாயு, அறையின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. வெளி யூனிட்டில் இருக்கும் கம்ப்ரெஸ்ஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது. சூடான வாயு வெளிக்காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகிறது. பிறகு ஒரு மெல்லிய குழாய் வழியாகவோ வால்வு வழியாகவோ அழுத்தம் குறைந்து உள்ளே வருகிறது. இந்தச் சுற்று நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடையில் "ஒன் எச்.பி." என்கிறார்களே, அது மணிக்கு ஏறக்குறைய 9,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் திறன். நம் அலகில் சொன்னால் சுமார் 2.6 கிலோவாட். ஆனால் அது இழுக்கும் மின்சாரம் 0.8 கிலோவாட் அளவுதான். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் நகர்கிறது. ஆற்றல் அழிவின்மை விதி உடைந்துவிட்டதா என்று என் தம்பி கேட்டான். உடையவில்லை. அந்த மூன்று பங்கு வெப்பம் மின்சாரத்திலிருந்து உண்டாவதில்லை, வெப்பத்தைச் சுமந்து செல்லும் கூலியாகத்தான் மின்சாரம் செலவாகிறது.

ஒழுகும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். உள் யூனிட்டின் குளிர்ந்த தகடுகளில் அந்த ஈரம் நீராகப் படிந்து குழாய் வழியே வெளியேறுகிறது. மணிக்கு ஒரு லிட்டர் நீர் வடிந்தால், அந்த ஆவியை நீராக்கவே சுமார் 680 வாட் திறன் போகிறது. அதாவது ஒன் எச்.பி. ஏர்கோனின் உழைப்பில் கால் பங்கு. 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக முதல் நவீன ஏர்கோனை வடிவமைத்தபோது, அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையே ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் மாறி அச்சாகின. மனிதர்களின் வசதி பிறகுதான் வந்தது.

இப்போது பழுதுக்கு வருவோம்.

மாமா ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கருவிப் பையைத் திறக்க மாட்டார். ரிமோட்டைத்தான் கேட்பார். யாராவது தெரியாமல் "ட்ரை" அல்லது "ஃபேன்" பொத்தானை அழுத்தியிருப்பார்கள். ஃபேன் முறையில் கம்ப்ரெஸ்ஸர் ஓடவே ஓடாது; காற்று மட்டும் வரும். ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராக நீட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் ஊதா நிறத்தில் மின்னும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் முன்பக்கத்தையே பயன்படுத்துங்கள். ஒளி மின்னினால் ரிமோட் சரி. மின்னாவிட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, பொறுமை. மின்சாரம் போய் வந்த உடனே ஏர்கோனைத் தட்டினால் காற்று வரும், குளிர் வராது. கம்ப்ரெஸ்ஸர் நின்ற பிறகு குழாயின் இரு பக்க அழுத்தமும் சமமாக வேண்டும். அதற்காகச் சுமார் மூன்று நிமிடத் தாமதம் வைத்திருப்பார்கள். அந்த மூன்று நிமிடம் காத்திருக்க முடியாமல் அணைத்து, திறந்து, அணைத்து, திறந்து ஏர்கோனைப் படாத பாடு படுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வடிகட்டி. முன் மூடியைத் தூக்கினால் வலை போல் இரண்டு தட்டுகள் இருக்கும். அணைத்துவிட்டு, அவற்றை உருவி, குழாய் நீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். ஜெஞ்சாரோம் போல லாரி ஓடும் சாலை ஓரத்தில் வீடு இருந்தால் வாரம் ஒரு முறைகூடத் தேவைப்படும். "குளிர் பத்தல" என்று மாமாவைக் கூப்பிடும் வீடுகளில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும். அதற்குக் காசு வாங்க அவருக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் பெட்ரோல் செலவு இருக்கிறதே.

வடிகட்டி அடைத்தால் குளிர் குறைவதோடு நிற்காது. தகடுகளின் மேல் போதிய காற்று ஓடாவிட்டால் அவற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய், படியும் நீர் பனிக்கட்டியாகும். பனி காற்றை இன்னும் தடுக்கும். இன்னும் பனி பிடிக்கும். கடைசியில் ஏர்கோனுக்குள் ஒரு வெள்ளைச் சுவரே இருக்கும். இதைப் பார்த்துவிட்டுக் கத்தியால் சுரண்டியவர்கள் உண்டு. தகடுகளுக்குப் பின்னால் இருப்பது மெல்லிய செப்புக் குழாய். ஒரு குத்து போதும், வாயு முழுவதும் வெளியேறிவிடும். ஏர்கோனை அணைத்துவிட்டோ ஃபேன் முறையில் ஓடவிட்டோ பனி தானாக உருகும்வரை காத்திருப்பதுதான் சரியான வழி. வடிகட்டியைக் கழுவிய பிறகும் பனி பிடித்தால், வாயு குறைந்திருக்கலாம். அது தொழில்நுட்பர் பார்க்க வேண்டிய வேலை.

தண்ணீர் உள்ளே ஒழுகினால் பெரும்பாலும் வடிகால் குழாய் அடைப்புதான். குழாய்க்குள் கொழகொழவென்று பாசி போல் ஒன்று வளரும். சில வீடுகளில் எறும்பு கூடு கட்டியிருக்கும். குழாயின் வெளி முனை சாக்கடை நீரில் முங்கியிருந்தாலோ பூந்தொட்டி அதை நசுக்கியிருந்தாலோ கூடத் தண்ணீர் திரும்பி வரும். வெளியே போய் அந்த முனையைப் பார்ப்பதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. நீரை உறிஞ்சக்கூடிய வெற்றிடத் துடைப்பான் இருந்தால், முனையில் வைத்து ஒரு நிமிடம் இழுத்தால் அடைப்பு வந்துவிடும். சாதாரண துடைப்பானால் இழுக்காதீர்கள், மோட்டாருக்குள் நீர் போய்விடும்.

குளிர் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று அளக்கவும் முடியும். சமையல் வெப்பமானியோ அறை வெப்பமானியோ இருந்தால் போதும். ஏர்கோன் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து, மேலே காற்று உள்ளிழுக்கும் இடத்திலும் கீழே காற்று வெளிவரும் இடத்திலும் அளந்து பாருங்கள். சுமார் 8 முதல் 12 பாகை செல்சியஸ் வேறுபாடு இருந்தால் எந்திரம் தன் வேலையைச் செய்கிறது. குறை அறையில் இருக்கிறது. மேற்கு வெயில் அடிக்கும் சுவர், மூடாத கதவு, இரண்டு அறைக்கு ஒரு சின்ன ஏர்கோன், இப்படி ஏதாவது. மூன்று நான்கு பாகைதான் வேறுபாடு என்றால் பழுது. தொழில்நுட்பரைக் கூப்பிடும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள். "குளிரல" என்று சொல்வதற்கும் "நாலு பாகைதான் வித்தியாசம் வருது அங்கள்" என்று சொல்வதற்கும் அவர் உங்களிடம் பேசும் விதமே மாறும்.

இதுவரை சொன்னதெல்லாம் நாமே செய்யலாம். இனி வருவது வேறு.

போன ஆண்டு எங்கள் வீட்டு ஏர்கோனில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. வெளி யூனிட் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு நின்றுவிடும். மாமா அப்போது ஊரில் இல்லை. அப்பா ஒரு கடைக்காரரை வரவழைத்தார். அவர் மூடியைக்கூடத் திறக்காமல், "கம்ப்ரெஸ்ஸர் போச்சு சார், 1,100 ரிங்கிட் ஆகும், புதுசே வாங்கிடுங்க" என்றார். பாட்டிக்கு இழுப்பு நோய் உண்டு. அந்த ஏர்கோன் அவருடைய அறையில் இருந்தது. அப்பா உடனே சரி என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. இரண்டு நாள் பொறுங்கள் என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன். மாமா வந்து திறந்து, ஒரு அலுமினியக் குப்பியைக் காட்டினார். அதன் தலை உப்பியிருந்தது. "கெப்பாசிட்டர்மா" என்றார். மாற்றினார். ஓடியது. பொருளின் விலை இருபது ரிங்கிட்டுக்கும் கொஞ்சம் மேல்.

இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாதிரிகளில் கம்ப்ரெஸ்ஸர் மோட்டாரைச் சுழல வைக்க இந்தக் கெப்பாசிட்டர் உதவுகிறது. அது பலவீனமானால் மோட்டார் முனகும், சுழலாது. சரி, இருபது ரிங்கிட் பொருள்தானே, நாமே மாற்றிவிடலாமே என்று தோன்றும். அன்று மாமா திறந்தபோது நானும் கை நீட்டப் போனேன். "தொடாதே. கரண்டை அடைச்சாலும் அதுக்குத் தெரியாது" என்றார்.

அதன் பொருளைக் கணக்காகப் பார்ப்போம். கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும். சுவிட்சை அணைத்த பிறகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் மிச்சம் இருக்கலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது ஆர்.எம்.எஸ். மதிப்பு. உச்ச மதிப்பு ஏறக்குறைய 325 வோல்ட். படிவம் ஆறிலும் மெட்ரிகுலேஷனிலும் படிக்கும் சூத்திரம் இங்கே உதவும்: மின்தேக்கத்தை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 35 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் சுமார் 1.85 ஜூல். ஆளைத் தூக்கிப்போட்டு ஏணியிலிருந்து விழ வைக்க அது போதும். இன்வெர்ட்டர் ஏர்கோன் என்றால் கதையே வேறு. அதில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கி வைக்கிறார்கள். 1,500 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 79 ஜூல். மருத்துவமனையில் தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி 120 முதல் 200 ஜூல் வரை செலுத்துகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை இன்வெர்ட்டர் வகைதான். பழைய ஏர்கோனைத் திறக்கும் காணொளியைப் பார்த்துவிட்டுப் புதிய ஏர்கோனைத் திறப்பது ஆபத்தாவது இதனால்தான்.

தொழில்நுட்பர்கள் என்ன செய்கிறார்கள்? வெளி யூனிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தனிச் சுவிட்சை அணைக்கிறார்கள். அதோடு நிற்காமல் மின்பெட்டியில் ஏர்கோனுக்கான பிரேக்கரையும் இறக்குகிறார்கள். யாரும் ஏற்றிவிடாதபடி டேப் ஒட்டுகிறார்கள். பிறகு மீட்டர் வைத்து உண்மையிலேயே மின்சாரம் இல்லையா என்று சோதிக்கிறார்கள். கெப்பாசிட்டரை மின்தடை ஒன்றின் வழியாக மெதுவாக வெறுமையாக்கி, மறுபடியும் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். ஸ்குரூடிரைவரால் இரண்டு முனையையும் இணைத்துப் பொறி பறக்க வைப்பது சிலரின் பழக்கம். மாமா அதைப் பார்த்தாலே திட்டுவார்.

பிரேக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. ஏர்கோனைத் திறந்ததும் மின்பெட்டியில் ஏதோ ஒன்று விழுந்தால், எது விழுந்தது என்று பாருங்கள். ஏர்கோனுக்கான சின்ன பிரேக்கர் விழுந்தால் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடியிருக்கிறது என்று பொருள். ஆர்சிசிபி எனும் பெரிய சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் இருண்டால், மின்சாரம் எங்கோ தரைக்குக் கசிகிறது. ஈரம், கம்பி உரிந்தது, கம்ப்ரெஸ்ஸர் பழுது, சில நேரம் மின் பலகையில் ஏறிச் செத்த ஒரு பல்லி. (நம் நாட்டில் பல்லி கொன்ற ஏர்கோன்களுக்குக் கணக்கே கிடையாது.) ஒரு முறை ஏற்றிப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால் அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியில் "டி" என்று போட்ட பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். பல வீடுகளின் முதன்மை ஆர்சிசிபி 100 மில்லி ஆம்பியர் கசிவுக்குத்தான் விழும். நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் 30 மில்லி ஆம்பியரே ஆபத்து. ஆர்சிசிபி இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் கம்பியைத் தொட வேண்டாம்.

வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் நண்பர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏர்கோனுக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். நீட்டிப்புச் செருகியில் ஏர்கோனையும் சோற்றுப் பானையையும் சேர்த்து மாட்டிய அறைகளை நான் பார்த்திருக்கிறேன். கையை வைத்தால் செருகி கொதிக்கும். 1994 மின்சார விதிமுறைகளின்படி, புதிய கம்பி இழுக்கும் வேலையைப் பதிவு பெற்ற வாயர்மேன்தான் செய்ய வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். தீப்பிடித்தால் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கப் போவது நீங்கள்தான்.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: "கேஸ் முடிஞ்சிடுச்சா?" மாமாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "கேஸ் எங்கம்மா போகும்? அது என்ன பெட்ரோலா, ஓடி முடியறதுக்கு?" ஏர்கோனின் குழாய் அமைப்பு முழுக்க மூடியது. வாயு செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு "டாப்-அப்" செய்துவிட்டுப் போகிறவர் ஓட்டையைத் தேடவில்லை என்று பொருள். முறையான வேலை என்றால் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, நைட்ரஜன் செலுத்திச் சோதித்து, வெற்றிடப் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பெட்டியின் பட்டையில் எழுதியிருக்கும் எடைக்கு வாயுவைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். இதில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் போகும். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நூற்றுக்கணக்கில் கேட்டால் யோசியுங்கள்.

வாயுவை நாமே தொடக்கூடாது என்பதற்குக் காரணங்கள் பல. ஆர்410ஏ வாயுவின் அழுத்தம் பழைய ஆர்22 வாயுவைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. ஒன்றுக்கு உரிய கருவியை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் ஆபத்து. புதிய ஏர்கோன்களில் வரும் ஆர்32 மெல்லத் தீப்பற்றக்கூடியது. மூடிய அறையில் கசியவிட்டுப் பக்கத்தில் பற்றவைப்பு வேலை செய்தால் விபரீதம். திரவமாகக் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். எல்லாவற்றையும்விட மோசமானது, குழாயைக் கழற்றுவதற்கு முன் வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும் வேலை. அந்த நேரத்தில் காற்று உள்ளே புகுந்துவிட்டால், கம்ப்ரெஸ்ஸர் எண்ணெயும் காற்றும் சேர்ந்து அழுத்தப்பட்டு, டீசல் இயந்திரத்தில் நடப்பது போலப் பற்றிக்கொண்டு கம்ப்ரெஸ்ஸரே வெடிக்கும். அனுபவசாலிகளே இந்த வேலையில் உயிரை விட்டிருக்கிறார்கள்.

வானத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும். 1987-இல் கையெழுத்தான மொன்ட்ரியல் உடன்படிக்கையில் மலேசியா 1989-இல் சேர்ந்தது. அதன்படி வளரும் நாடுகளில் ஆர்22 வகை வாயுக்கள் 2030-க்குள் ஏறக்குறைய முழுமையாக விலக்கப்பட வேண்டும். அதற்குப் பதிலாக வந்த ஆர்410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 2,088 மடங்கு வலிமையானது. ஓர் ஏர்கோனில் 700 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே நாளில் காற்றில் திறந்துவிட்டால் ஏறக்குறைய ஒன்றரை டன் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். ஆர்32-இன் எண் 675. பரவாயில்லை என்றாலும் சும்மா விடக்கூடியதில்லை.

தாமானுக்குள் ஒலிபெருக்கியோடு பழைய சாமான் லோரி வரும்போது எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வரும். கழற்றிப்போட்ட ஏர்கோனைக் கொடுத்தால் நாற்பது ஐம்பது ரிங்கிட் கையில் கிடைக்கும். செம்புக்காகக் குழாயை ஒரு வெட்டு வெட்டினால் வாயு போச்சு. மின் பலகையும் கம்பியும் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. நம் நாட்டில் மின்னணுக் கழிவு, அட்டவணைக் கழிவுகளில் எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டின் கீழ் வருகிறது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடங்கள்தான் அதைப் பிரிக்கலாம். கண்ட இடத்தில் பிளாஸ்டிக்கை எரித்தால் எப்படி இருக்கும் என்று ஜெஞ்சாரோமில் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. புதிய ஏர்கோன் வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா, எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

புகை என்றதும் இன்னொரு தவறான நம்பிக்கை நினைவுக்கு வருகிறது. வீட்டு ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. அந்த வலை வடிகட்டி தூசியைப் பிடிக்கும். புகைமூட்டத்தின் நுண்துகள்கள் அதன் வழியே எளிதாக நுழைந்து போய்விடும். எங்கள் பாட்டி அறையில் ஏர்கோன் ஓடினாலும் புகை நாள்களில் தனியாகக் காற்றுச் சுத்திகரிப்பான் ஓடும். வானம் தெளிந்த நாள்களில் காலையில் ஒரு மணி நேரம் சன்னலைத் திறந்து வைக்கிறோம்.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் இந்தத் தொழிலையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். குளிர்பதனம், குளிரூட்டல் துறையில் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்று நிலைகளில் உண்டு. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும் இருக்கின்றன. கியாட்மாரா, தொழிற்பயிற்சிக் கழகங்கள், தொழிற்கல்லூரிகள் ஆகியவற்றில் விசாரியுங்கள். சுங்கை பூலோவிலும் ஷா ஆலாமிலும் ஏர்கோன் தயாரிக்கும் பெரிய ஆலைகளே இருக்கின்றன. "படிப்பு வராதவங்க போற வேலை" என்று இதைச் சொல்கிறவர்களை மாமாவோடு ஒரு சனிக்கிழமை அனுப்பி வைக்க ஆசை. மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கிக்கொண்டு அழுத்த மீட்டரைப் படித்து, மனக்கணக்கில் வெப்பநிலையைச் சொல்கிறார். அதே கணக்குக்கு நான் தேர்வில் அட்டவணை பார்க்கிறேன். பெண்கள் இந்த வேலைக்கு வருவது குறைவு. என்னைப் பார்த்து, "நீயா ஏணி ஏறுவ?" என்று கேட்பவர்கள் உண்டு. இப்போதைக்கு நான் ஏணியைப் பிடிக்கிறேன். ஏறுவதற்கு முன் எஸ்.கே.எம். முதல் நிலைப் பயிற்சியை விடுமுறையில் முடித்துவிட எண்ணம்.

தொழில்நுட்பர் வீட்டுக்கு வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நல்லவர்கள் மறைக்க மாட்டார்கள். எந்தப் பொருள் போனது என்று கேளுங்கள், கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். வாயு ஏற்றினால் எந்த வாயு, எத்தனை கிராம், ஓட்டை எங்கே இருந்தது என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஏர்கோனின் பக்கவாட்டிலும் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறேன்: கழுவிய தேதி, மாற்றிய பொருள், அன்று அளந்த வெப்பநிலை வேறுபாடு. பாட்டி அறையில் இருப்பதில் கடைசியாக எழுதியது 10 பாகை.